காஸ், பால்மா, அரிசி: 2022ஐ ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் தாண்டிய கணக்கு

இலங்கையில் 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியை அரசியல் பக்கமாக எழுதியவர்கள் நிறையப் பேர். யார் ஓடினார், யார் வந்தார், எவ்வளவு கடன் என்பதெல்லாம் இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரூபாயில் மட்டும் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, சீனி வருத்தக்கார அம்மாவையும் பால் குடிக்கிற வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த வருடம் முழுக்க எதைச் சமைத்தாள், எவ்வளவு காசு விட்டாள் என்ற கணக்கை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அந்த ஒருத்தி நான்தான். கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. சாதாரண நாட்களில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து போவார், பெட்ரோல் இல்லாமல் போன பிறகு ஃபோனில்தான் குடும்பம் நடந்தது. இப்போதும் கப்பல் தாமதம் என்று ஒரு செய்தி வந்தால் போதும், சனம் ஓடிப்போய்த் தேவையில்லாததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது. எது தேவை என்பது எனக்குக் காசு கொடுத்துத்தான் தெரியவந்தது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எல்லோரும் 2022 மார்ச்சைத்தான் ஆரம்பம் என்கிறார்கள். தமிழ் வீட்டு அடுப்படிக்கு அது 2020இலேயே தொடங்கிவிட்டது. டொலரை மிச்சம் பிடிக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது முதலில் போனது மஞ்சள். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள்தூள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. மன்னார்க் கடலில் தங்கம் பிடிபட்ட காலம் போய் மஞ்சள் மூட்டை பிடிபடுகிறது என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கடையில் கிடைத்த தூளிலும் அரிசிமா கலப்படம், கறியில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. அடுத்தது உழுந்து. அது கிலோ ஆயிரத்தைத் தாண்டியதும் ஞாயிற்றுக்கிழமைத் தோசை நின்றது, அம்மா கோதுமை மாவைக் கரைத்து வெந்தயம் அரைத்துப் போட்டுப் புளிக்கவைத்து ஒன்று சுட்டுத் தந்தார், அதைத் தோசை என்று பிள்ளை நம்பினான். அப்போது இதை ஒரு பெரிய விஷயமாக யாரும் எடுக்கவில்லை. மஞ்சளும் உழுந்தும் இல்லாவிட்டால் செத்தா போய்விடுவோம்? ஆனால் வர்த்தமானியில் இறக்குமதிக்குத் தடை, அனுமதிப்பத்திரம் என்று சாமான்களின் பெயர் வரத் தொடங்கினால் கையில் டொலர் குறைகிறது என்றுதான் அர்த்தம். அடுத்த முறை அப்படி ஒரு பட்டியல் வந்தால் அரசியல் விவாதத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை வாசியுங்கள்.

அன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், உங்கள் வீட்டில் ஒரு கிழமைக்குச் சமைக்கிற சாமானில் எது கப்பலில் வருகிறது என்று. எங்கள் வீட்டில் பால்மா, கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, சீனி, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய், உள்ளி, டின்மீன், காஸ், மண்ணெண்ணெய். உள்ளூரில் விளைவது அரிசி, தேங்காய், மரக்கறி, மீன், முட்டை. இரண்டாவது பட்டியலைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, ஏனென்றால் மரக்கறிக்கு உரம் வேண்டும், லொறிக்கு டீசல் வேண்டும், மீன் பிடிக்கப் போகிற போட்டுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், கோழிக்குத் தீவனம் வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தத் தடையை விலக்கும்போது பெரும்போகத்துக்குக் காலம் பிந்திவிட்டது. அந்தப் போகத்து விளைச்சல் விழுந்ததன் விலையை நாங்கள் 2022 முழுக்க அரிசியில் கட்டினோம். 2021 கடைசியில் கிலோ 110, 120க்கு வாங்கிய நாட்டரிசி அடுத்த மே மாதம் 220, சில கடையில் 250. இலங்கையில் அரிசி தீரும் என்று என் வாழ்நாளில் நான் நினைத்ததில்லை.

2021 ஒக்டோபரில் பால்மாவுக்கும் காஸுக்கும் இருந்த கட்டுப்பாட்டு விலையை எடுத்துவிட்டார்கள். 400 கிராம் பால்மா 380இல் இருந்து 480. டிசம்பர் முடிவில் 540. மார்ச்சில் 790. இந்த விலைக்கும் கிடைத்தால்தானே? டொலர் கட்ட முடியாமல் துறைமுகத்தில் கொள்கலன்கள் கிடந்தன, கடைக்கு வருவது பத்துப் பதினைந்து பெட்டி, அதையும் தெரிந்த ஆட்களுக்கு மேசைக்குக் கீழே எடுத்து வைப்பார்கள். சில இடங்களில் வேறு சாமான் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால்தான் ஒரு பால்மா என்றார்கள், எனக்குத் தேவையே இல்லாத சோயாமீட்டும் பிஸ்கட்டும் அப்படித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இதில் எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற சின்னக் கடை. பெரிய சுப்பர்மார்க்கெட்டில் நான் ஒரு முகம், அவ்வளவுதான். இந்த முதலாளிக்கு என் பிள்ளையின் வயது தெரியும். "தங்கச்சி, நாளைக்கு என்ன விலை எண்டு எனக்கே தெரியாது, ஆனா தம்பிக்கு ஒண்டு வச்சிருக்கிறன்" என்று சொல்லியே தந்தார். நல்ல காலத்தில் எல்லாவற்றையும் கழிவு விலைக்காகப் பெரிய கடையில் வாங்கிவிட்டுத் தட்டுப்பாட்டில் மட்டும் சின்னக் கடைக்குப் போய் நின்றால் அவர் ஏன் எடுத்து வைக்கப் போகிறார்? மாதச் சாமானில் பாதியையாவது வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒருவரிடம் வாங்குங்கள். பத்து இருபது ரூபாய் கூடத்தான் வரும்.

இனிக் காஸ். இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உணவுத் தட்டுப்பாடு என்றால் அரிசி பருப்பு என்றுதான் மனம் ஓடுகிறது. வீட்டில் பத்துக் கிலோ அரிசி இருந்தும் சமைக்க வழியில்லாமல் பாணுக்கு அலைந்த நாட்கள் எனக்கு உண்டு. 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயாக இருந்தது, 2021 ஒக்டோபரில் 2,675க்குப் போனது, 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. நடுவில் சிலிண்டர் வெடிக்கிறது, கலவையை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பயம் வேறு. ஊரில் தோட்டம் உள்ளவன் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவான். மாடி வீட்டில் என்ன செய்வது? நானும் ஒரு கரி அடுப்பு வாங்கிப் பல்கனியில் வைத்தேன். மேல் மாடிக்காரர் புகை என்று சண்டைக்கு வந்தார், வீட்டுக்காரர் சுவர் கறுக்கிறது என்றார். மழை நாளில் சிலர் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சமைத்தார்கள். அதை மட்டும் எந்த நிலைமையிலும் செய்ய வேண்டாம், அந்தப் புகைக்கு மணமே இல்லாமல் ஆளை மயக்கும், உயிரே போகும்.

காஸ் கியூவைப் பற்றிக் கதைப்பதென்றால் அது தனிக் கதை. இரவே சிலிண்டரைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து, முன்னால் இருப்பவரின் சிலிண்டரோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வருவோம். விடியப் போனால் லொறி வராது, வந்தாலும் எங்கள் முறைக்கு முன்னால் முடிந்துவிடும். அம்மாவைப் பிள்ளையோடு விட்டுவிட்டு, அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வெயிலில் நின்ற நேரத்தைக் காசாகக் கணக்குப் பார்த்தால் சிலிண்டரின் விலையைவிடக் கூட வரும். ஒரு கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்று என்று மின்சார பில்லைக் காட்டச் சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்களின் பில் வீட்டுக்காரரின் பெயரில்தான் இருக்கும், "இது உங்கட பேர் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். வாடகை ஒப்பந்தம், கடைசி மின்சார பில், தண்ணீர் பில், அடையாள அட்டை எல்லாவற்றிலும் போட்டோப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கிராம சேவகரிடம் வதிவிடப் பதிவையும் புதிய முகவரிக்கு மாற்றி வையுங்கள். பங்கீடு என்று ஒன்று வந்தால் முதலில் விடுபடுவது வாடகைக்காரர்தான்.

கியூவில் நின்று அலுத்து, பிறகு ஒருவர் மூலமாக ஒரு சிலிண்டர் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். கொண்டுவந்து மூட்டினால் வழக்கத்தில் பாதி நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாதியை எங்கேயோ வடித்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பழைய காஸ்கடைக்காரர் சொல்லித் தந்தார். சிலிண்டரின் கழுத்துப் பக்கத்தில் வெற்று எடை அடித்திருக்கும். அதோடு 12.5ஐக் கூட்டினால் நிறைந்த சிலிண்டரின் எடை. வீட்டில் ஆள் நிறுக்கிற தராசு ஒன்று இருந்தாலே போதும், காசு கொடுக்க முன்னம் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் நிறுக்க விடமாட்டேன் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது. அதே தராசில் மாதத்துக்கு ஒருக்கால் உங்கள் சிலிண்டரையும் நிறுத்தால் இன்னும் எத்தனை கிழமைக்கு வரும் என்று தெரியும், திடீரென்று அணைந்து திகைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிலிண்டருக்குப் பிறகு அம்மா அடுப்படியைத் தன் கையில் எடுத்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்து, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த ஆள். என்னுடைய பதற்றம் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, கொதி வந்து பத்து நிமிடத்தில் இறக்கி, மூடியை இறுக்கிப் பானையைப் பழைய கம்பளியால் சுற்றி ஒரு மூலையில் வைப்பார், ஒரு மணித்தியாலத்தில் சோறு தன்பாட்டில் வெந்திருக்கும். பயறு, கடலை, கௌபி எல்லாம் முதல்நாள் இரவே ஊறும். இடியப்பம் நின்றது, அது ஆவி தின்கிற சாப்பாடு. புட்டு மட்டும், அதுவும் கறி கொதிக்கிற பானையின் மேலேயே வைத்து அவிந்தது. ஒரே மூட்டலில் மூன்று வேலை. கரண்ட் இருக்கிற நேர அட்டவணையைப் பார்த்து ரைஸ் குக்கரில் இரண்டு வேளைச் சோறும் ஒன்றாகப் போட்டோம். அடுத்த சிலிண்டர், சாதாரண நாளில் ஒன்றரை மாதம் வருவது, மூன்று மாதத்துக்குக் கிட்ட ஓடியது. பலர் அந்த நேரம் இண்டக்ஷன் அடுப்பு வாங்க ஓடினார்கள், அதன் விலையும் இரட்டிப்பானது, பிறகு ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள். எரிபொருளில் ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்து என்பது என் அபிப்பிராயம். காஸ் ஒன்று, கரண்ட் ஒன்று, மண்ணெண்ணெயோ விறகோ ஒன்று, சின்னதாக என்றாலும் மூன்றும் இருக்க வேண்டும்.

2022 மார்ச் 7 ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டார்கள். டொலர் 200 சொச்சத்தில் நின்றது மாத முடிவில் 300, மே மாதம் 360. எனக்குச் சம்பளம் 58,000. அது அப்படியே இருந்தது. அந்த மாதம்தான் ஒரு கொப்பி எடுத்து விலை எழுதத் தொடங்கினேன். பருப்பு 250இல் இருந்து 600. சீனி 130இல் இருந்து 300க்கு மேல். பாண் ஒரு இறாத்தல் 200 ரூபாய்ப் பக்கம் வந்தது, கையில் தூக்கினால் இறாத்தல் மாதிரியும் தெரியவில்லை. மரக்கறிக் கடையில் போஞ்சியையும் கரட்டையும் 100 கிராம் கணக்கில் கேட்கத் தொடங்கினார்கள், முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கொப்பியால் எனக்கு இரண்டு நன்மை. ஒன்று, எந்தச் சாமான் உண்மையாகவே ஏறுகிறது, எதைக் கடைக்காரர் சும்மா ஏற்றுகிறார் என்று பிடிபட்டது. பழைய லேபலுக்கு மேல் புது விலை ஒட்டியிருந்தால் உரித்துப் பார்க்கிற பழக்கமும் வந்தது. இரண்டாவது, அலுவலகத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து சம்பளம் கூட்டக் கேட்டபோது வெறும் வாயால் சொல்லாமல் அந்தப் பக்கங்களைக் காட்டினோம். சம்பளம் கூட்ட முடியாது என்றார்கள், மாதம் 10,000 வாழ்க்கைச் செலவுப்படி தந்தார்கள். தனியாகக் கேட்டவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

சேமிப்பில் பட்ட அடியைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு பாதிதான். 2021 ஜனவரியில் இருபது பேர் சேர்ந்து மாதம் 10,000 சீட்டுப் பிடித்தோம், எனக்குக் கடைசிச் சீட்டு. 2022 ஆகஸ்டில் இரண்டு இலட்சம் கைக்கு வரும், ஒரு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எடுக்கலாம் என்று இருந்தேன். வந்தது, ஒரு சதம் குறையாமல் வந்தது. ஃப்ரிட்ஜுக்கே காணவில்லை. முதல் சீட்டு எடுத்தவர் அதே இரண்டு இலட்சத்தில் 2021இலேயே இரண்டையும் வாங்கிவிட்டார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் விலை ஏறுகிற காலத்தில் கடைசிச் சீட்டுக்காரர்தான் மற்ற எல்லோருக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். விலை ஏறப்போகிற மாதிரி தெரிந்ததும் நடுவில் சீட்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை, எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் பேசி மாற்றிக்கொண்டார்கள்.

நகை விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. பெப்ரவரியில் கையில் காசு முட்டுப்பட்டபோது அவருடைய காப்பை விற்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், அவர் அடகு வைக்கத்தான் விட்டார். ரூபாய் விழுந்ததும் பவுன் விலை எங்கேயோ போய்விட்டது. விற்றிருந்தால் அதைத் திரும்ப வாங்குவது இந்தப் பிறவியில் நடக்காது. மே மாதம் அதே காப்பை மீட்டு மறு அடகு வைத்தபோது கூடக் காசு கிடைத்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டிய பிறகு அடகு வட்டியும் ஏறியது உண்மைதான், அதையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன். கிரெடிட் கார்டில் சாமான் வாங்கி வந்தவர்கள் அந்த வட்டியில் பட்ட பாடு இதைவிட மோசம்.

வாங்கிக் குவிப்பது பற்றி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெளிநாட்டில் இருந்து காசு வரும், ரூபாய் விழ விழ அவர் கையில் கூடத்தான் வந்தது. அவர் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று, பருப்பு ஒரு சாக்கு என்று அடுக்கினார். கொழும்பு ஈரக் காற்றில், கட்டிலுக்குக் கீழே வைத்த அரிசியில் இரண்டு மாதத்தில் வண்டு. பருப்பில் மணம். கடைசியில் பாதியைக் கடற்கரையில் புறாவுக்குப் போட்டார், அந்த நேரம் கீழ் மாடியில் ஒரு குடும்பம் ஒரு வேளைதான் சாப்பிட்டது, எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஆறு கிழமைச் சாமான் போதும். காற்றுப் புகாத வாளியில் போட்டு, செத்தல் மிளகாயோ வேப்பிலையோ போட்டு, பழையதை முன்னால் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்துப் புழங்க வேண்டும். நாளாந்தம் சாப்பிடாத எதையும் வாங்கி வைக்க வேண்டாம், என்னிடம் இருந்த சோயாமீட்டைப் போல அது கடைசி வரைக்கும் கிடக்கும். ஃப்ரிட்ஜை நம்பி மீன், கோழி வாங்கி வைப்பதும் வேண்டாம். மார்ச் 31 பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் என் ஃப்ரீசரில் இருந்தது எல்லாம் நாறிப் போனது, எப்படியும் 4,000 ரூபாய்ச் சாமான். அதற்குப் பிறகு நெத்தலிக் கருவாடுதான். முட்டையை வெளியிலேயே வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 27 இரவோடு அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, அலுவலகமும் வீட்டில் இருந்து வேலை செய்யச் சொன்னது. தம்புள்ளையில் இருந்து லொறி வராமல் மரக்கறிக் கடைகள் பாதி பூட்டு. கணவர் ஃபோனில் "இனி அங்க இருந்து பிரயோசனம் இல்லை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போ" என்றார். ரயில் ஓடியது. காலூன்ற இடமில்லாத அந்தப் பயணத்தை எழுத விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் சித்தி வீட்டில் போய் இறங்கினோம்.

ஊருக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கொழும்பில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதிதான் உண்மை. அடுப்புக் கவலை போனது, கங்குமட்டை, பொச்சு மட்டை, ஊமல் என்று எரிக்க ஏதோ ஒன்று வளவுக்குள் கிடந்தது. முருங்கையிலை, மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலாக்காய் காசில்லாமல் வந்தன. சந்தையில் கத்தரியும் பூசணியும் கொழும்பு விலையில் பாதி. ஆனால் மீன் தொட முடியவில்லை, ஏனென்றால் போட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லை, கிடைத்த சொட்டுக்கும் மீனவரும் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கிறவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெயை ஆகஸ்டில் 340 ஆக்கினார்கள், சித்தப்பா அந்தப் போகம் வெங்காயம் நடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ கிடையாது. அம்மாவின் மருந்துக்கு மூன்று பார்மசி ஏறி இறங்க வேண்டும், இரண்டு மாதத்து மருந்தைக் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு போனதால் தப்பினோம். சித்தி வீட்டிலும் அவர்களே ஐந்து பேர். நாங்கள் மூன்று பேர் போய்க் குந்தினால் அவர்களுடைய அரிசியும் சேர்ந்துதான் குறையும், அதனால் போனவுடனே மாதச் செலவில் எங்கள் பங்கு இவ்வளவு என்று கையில் வைத்துவிட்டேன். சித்தி வேண்டாம் என்று கோபித்தார், அம்மா வாங்கச் சொன்னார். உறவுக்குள் இதைக் கதைக்காமல் விட்டால் இரண்டு மாதத்தில் முகம் கறுக்கும். தமிழ்நாட்டில் இருந்து கப்பலில் வந்த அரிசியும் பால்மாவும் பதிவு உள்ள குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள், எங்கள் பதிவு கொழும்பில், எங்களுக்கு இல்லை. மேலே வதிவிடப் பதிவு பற்றிச் சொன்னேன் அல்லவா, ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆகஸ்டில் வாகனத்துக்கு இவ்வளவு என்று பங்கிடுகிற கியூஆர் அட்டையோடு பெட்ரோல் ஒழுங்காக வரத் தொடங்கியதும் திரும்பினோம். மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றாலும் வரிசை இல்லாமல் கிடைத்ததே பெரிசு. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தி வந்தபோது என் கொப்பியைப் பார்த்தேன், என் சாமான்களுக்கு அது 100க்கும் மேல். அடுத்த வருடம் ஜூலையில் உணவுப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது என்றார்கள். விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று பலர் அதை விளங்கிக்கொண்டார்கள். அப்படி இல்லை, ஏறிய இடத்தில் நின்றுகொண்டு அங்கிருந்து கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். 120 ரூபாய் அரிசி திரும்ப வரவே இல்லை. பணவீக்கம் குறைந்துவிட்டதே, இனி எதற்குப் படி என்று அலுவலகத்தில் அந்த 10,000ஐ நிறுத்தப் பார்த்தபோது திரும்பவும் கொப்பியைத்தான் கொண்டுபோனோம், படி இன்னும் வருகிறது.

வெள்ளவத்தை வீட்டை விட்டுவிட்டு இப்போது தெஹிவளையில் கீழ்வீடு ஒன்றில் இருக்கிறோம். வாடகை 5,000 கூட, பின்பக்கம் எட்டடிக்கு ஆறடி மண் தரை இருக்கிறது, அங்கே ஒரு விறகடுப்பும் இரண்டு முருங்கைத் தடியும். கொழும்பில் வீடு தேடுகிறவர்கள் தண்ணீர், வெளிச்சம், பஸ் பார்க்கிறார்கள், மழை படாமல் ஒரு அடுப்பு மூட்ட இடம் இருக்கிறதா, மூட்டினால் யாராவது சண்டைக்கு வருவார்களா என்று யாரும் கேட்பதில்லை. முற்பணம் கொடுக்க முன்னம் அதையும் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்குங்கள்.